கண்டுபிடித்தால் ஒரு வர்க்கி

அவர் செத்துப்போய் இரண்டு மழை கடந்துவிட்டது. இன்னும் குன்னூர் பஜாரில் யாராவது அவர் பேச்சை எடுத்தால், "அடேயப்பா, என்ன மனுசன்!" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். நான் கடையில் வயரைச் சுருட்டிக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருப்பேன். என்ன மனுசன் என்று எனக்கல்லவா தெரியும்.

பெயர் வேண்டாம். ஊரில் 'ரயில் சார்' என்பார்கள். ரயில்வேக்கும் அவருக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. ஏதோ ஓர் ஆபீசில் வரைபடம் போடுகிற வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர். ரிட்டயர் ஆன மறு வாரமே ஹாலில் இருந்த சோபாவைத் தூக்கி வராந்தாவில் போட்டுவிட்டு, அந்த இடத்தில் பிளைவுட் மேஜை அடித்தார். மேஜை ஹாலோடு நிற்கவில்லை. சுவரில் ஓட்டை போட்டு, கல்யாணமாகிப் போன மகளின் அறைக்குள் நுழைந்து திரும்பியது. அதன் மேல், பொம்மை அளவில், குன்னூர் ஸ்டேஷனை விட்டு ஊட்டிப் பக்கம் ஏறுகிற மலை ரயில் பாதை. முதல் இரண்டு வளைவு மட்டும். பாதை, பாதையை ஒட்டின சரிவு, சரிவில் இருக்கிற வீடுகள், டீக்கடை, குப்பைத்தொட்டி எல்லாம் உண்டு. நிஜத்தில் எண்பத்தேழு அடி இருந்தால் அவர் மேஜையில் ஓர் அடி. அந்தக் கணக்கு ஒரு மயிரிழை பிசகாது.

டீ போட்ட சக்கையைக் காயவைத்துச் சலித்து மண்ணாகத் தூவுவார். பஞ்சைக் கத்தரித்துப் பச்சை அடித்துத் தேயிலைச் செடி வைப்பார். மரத்துக்கு, நிஜ மரத்தில் தொங்குகிற பாசி. சிமெண்டுச் சுவர், கருங்கல் சுவர் எல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். காய்ந்தபின் ஊசியால் கீறிக் கீறி ஒவ்வொரு கல்லாகப் பிரித்தெடுப்பார். வீடுகளுக்குள் எறும்புத் தலை அளவு பல்பு எரியவேண்டும் என்பதற்காகத்தான் என்னைக் கூப்பிட்டார். நான் எலெக்ட்ரீசியன். அந்த மேஜைக்கு அடியில் மல்லாந்து படுத்தே எனக்கு மூன்று வருஷம் போனது.

மேஜை மேல் ரயில் ஓடுவது அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. வந்தவர்கள் கேட்டால் வேண்டாவெறுப்பாக ஒரு தடவை ஓட்டிக்காட்டுவார். அவருக்கு வேண்டியது ஒன்றுதான். 'உள்ளபடி'. இந்தச் சொல்லை ஒரு நாளைக்கு நூறு தடவை சொல்வார். தலையில் குரங்குக் குல்லா, இடுப்பு பெல்டில் மாட்டிய ஸ்டீல் டேப், கையில் நோட்டு. தினமும் காலையில் அந்த இரண்டு வளைவையும் நடந்து பார்த்து, என்ன மாறியிருக்கிறதோ குறித்துக்கொண்டு வந்து மேஜையிலும் மாற்றிவிடுவார். டீக்கடைக்காரர் பெஞ்சைத் தள்ளிப்போட்டால் இங்கேயும் பெஞ்சு தள்ளும். ஒரு மளிகைக் கடைக்காரர், மகன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க வந்தவர், மேஜையில் தன் கடையின் போர்டு துருப்பிடித்துக் கிடப்பதைப் பார்த்துவிட்டு முகம் சுண்டிப்போனார்.

"ஏனுங்க சார், நாலு பேரு வந்து பாக்கற எடம். கொஞ்சம் பெயிண்ட் அடிச்சு வெக்கக் கூடாதுங்களா?"

"நீங்க அங்க அடிங்க. மறுநாள் நானும் இங்க அடிக்கறேன்."

அந்த ஆளுக்கு ரோஷம் வந்து அடுத்த வாரமே நிஜப் போர்டுக்குப் பெயிண்ட் அடித்தார். பார்த்தீர்களா, ஊரே அவரால் ஒழுங்காகிறது என்று பஜாரில் பெருமையாகப் பேசினார்கள். நானும் பேசினேன்.

ஆனால் அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலைப் பற்றி யாரும் பேசவில்லை. அவர் வீடும் அந்தச் சரிவில்தான் இருந்தது, ஆகவே அதுவும் மேஜையில் உண்டு. சமையலறை ஜன்னலில் ஒரு கண்ணாடி உடைந்திருந்தது. குன்னூர்க் குளிர் தெரியுமல்லவா, டிசம்பரில் தேங்காயெண்ணெய் பாட்டிலை அடுப்போரம் வைத்தால்தான் உருகும். அம்மாவுக்கு, அதாவது அவர் சம்சாரத்துக்கு, மூட்டுவலி வேறு. விடியற்காலை அந்த ஓட்டை வழியாக வருகிற காற்றில் நின்றுதான் சமைப்பார். கண்ணாடி மாற்றச் சொல்லி எத்தனையோ தடவை கேட்டுவிட்டார்.

"மாத்தலாம். மாத்தினா இங்கயும் மாத்தணும். அந்த ஓட்டைய எவ்வளவு பாடுபட்டு வெட்டியிருக்கேன் தெரியுமா?" என்பார் ரயில் சார். சிரித்துக்கொண்டே சொல்வார், அதுதான் கொடுமை.

கடைசியில் அம்மாவே ஒரு பழைய ஊதாப் பாவாடையைக் கிழித்து ஓட்டையில் அடைத்தார். மறுநாள் நான் போனபோது சார் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, இடுக்கியால் ஒரு ஊதா நூல் பிசிரை அந்தக் குட்டி ஜன்னலில் திணித்துக்கொண்டிருந்தார். "உள்ளபடி!" என்று என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். டீ கொண்டுவந்த அம்மா சிரிக்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு பழக்கம் அவருக்கு. எதையாவது மாற்றினால் சொல்லமாட்டார். "போன வாரத்துக்கும் இன்னிக்கும் ஒண்ணு மாறியிருக்கு. கண்டுபுடி" என்பார். கண்டுபிடித்தால் தகர டப்பாவைத் திறந்து ஒரு வர்க்கி, ஊட்டிப் பக்கத்து மொறுமொறு பிஸ்கட், தருவார். கண்டுபிடிக்காவிட்டால் உயிரே போனாலும் விடை சொல்லமாட்டார். தபால் கொண்டுவருகிறவர், கேஸ் சிலிண்டர் போடுகிறவர், பேங்க் மேனேஜர், எல்லாரும் அந்த மேஜை முன்னால் குனிந்து நின்று முழித்திருக்கிறார்கள். வீடு போய்ச் சேர்ந்து ராத்திரி போன் போட்டு, "சார், அந்தக் கொடிக்கம்பி தானுங்களே?" என்று கேட்டவர்களும் உண்டு. நாலு அணா பெறாத வர்க்கிக்காக இல்லை. அவர் வாயிலிருந்து ஒரு 'சபாஷ்' வாங்க.

என் வீடும் அந்த மேஜையில் இருந்தது. இரண்டாவது வளைவுக்கு மேலே, சரிவில் மூன்று வீடு வரிசையில் நடு வீடு. அதற்கும் மேலே ஆள் இல்லாத பழைய பங்களா ஒன்று, அதன் தோட்டத்து மண்ணைத் தாங்கிக்கொண்டு ஒரு கருங்கல் தடுப்புச் சுவர். யார் காலத்தில் யார் கட்டினதோ. நானும் என் அக்காவும்தான் அந்த வீட்டில். எங்கள் தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து கப்பலேறி வந்த குடும்பம். அப்பா அம்மா சீக்கிரம் போய்விட்டார்கள். அக்காதான் தேயிலைக் கொழுந்து பறித்து என்னை ஐடிஐ படிக்கவைத்தது. என்னைக் கரையேற்றுகிற அவசரத்தில் தனக்கு ஒரு கல்யாணம் என்பதையே மறந்துபோனது. வாய் மட்டும் நீளம். ரயில் சாரைப் பற்றிச் சொன்னால், "அந்தாளுக்கு வேற சோலியே இல்லியாடா?" என்று கேட்கும். ஆனாலும் ஆசை. ஒரு லீவு நாளில் துவைத்த சேலை கட்டிக்கொண்டு என்னோடு பார்க்க வந்தது.

வந்து குனிந்து பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டது. வாசலில் தண்ணீர் பிடித்துவைக்கிற எங்கள் நீல டிரம், ஒரு பேனா மூடியை அறுத்துச் செய்தது, அப்படியே நின்றது. கொடியில் சிவப்புத் துணி. திருஷ்டிக்குக் கட்டின பூசணிக்காய்கூட மிளகு அளவில் தொங்கியது.

"அய்யோ, எங்கூடு! எல்லாம் இருக்கு, நான் எங்க சார்?"

"ஆளுங்கள வெக்கறதில்லம்மா," என்றார் சார். உண்மைதான், அந்த ஊர் முழுக்க ஒரு மனிதர் கிடையாது. அதுவரைக்கும் எனக்கே அது உறைக்கவில்லை. "ஆளுங்க நகந்துக்கிட்டே இருப்பாங்க. உள்ளபடி வெக்க முடியாது."

"நகராம நின்னா வெப்பீங்களா?"

"நின்னா வெப்பேன்."

அக்கா உடனே சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கையிரண்டையும் தொடையோடு ஒட்டிவைத்து, ஹால் நடுவில் விறைப்பாக நின்றது. "இந்தா நிக்கறேன், அளந்துக்கங்க!" சமையலறையிலிருந்து அம்மா எட்டிப் பார்த்துச் சிரித்தார். சாரும் சிரித்தார். சிரித்துக்கொண்டே டேப்பை உருவி, உச்சந்தலையிலிருந்து பாதம் வரை நிஜமாகவே அளந்தார். "நாலடி பதினொண்ணு" என்று நோட்டில் எழுதிக்கொண்டார். அக்கா வழியெல்லாம் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது.

ஐப்பசி பிறந்திருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவிந்துபோன பல்பு ஒன்றை மாற்றப் போயிருந்தேன். வேலை முடிந்து எழுந்ததும் பிடித்துக்கொண்டார்.

"தம்பி, உங்க வீட்டுக்கிட்ட ஒண்ணு மாறியிருக்கு. கண்டுபுடி."

"டிரம்மு நகந்திருக்குங்களா?"

"டிரம்மு அங்கயேதான் இருக்கு."

"கொடியில துணி?"

"ம்ஹூம்."

எனக்கு ரோஷம். சட்டைப்பையிலிருந்து டார்ச்சை எடுத்து, மூக்கு இடிக்கிற அளவு குனிந்து, ஓடு ஓடாக, செடி செடியாகப் பார்த்தேன். அரைமணி நேரம் ஆகியிருக்கும். அப்புறம்தான் பட்டது. வீட்டுக்கு மேலே தடுப்புச் சுவரில் ஒரு கோடு. ஊசியால் கீறி மசி தடவிய கோடு. போன மாதம் சுவர் நடுவில் இருக்கிற பேரிக்காய் மரத்தோடு நின்றிருந்தது, இப்போது சுவரின் மறுகோடி வரைக்கும் போயிருந்தது. கொஞ்சம் தடித்தும் இருந்தது.

"செவுத்துல கோடுங்க சார்! நீண்டிருக்கு!"

"சபாஷ்!" என்று முதுகில் ஓங்கித் தட்டினார். "நாலு வாரமா மாத்திட்டு வர்றேன், ஒருத்தனும் கண்டுபுடிக்கல. நீ ஒருத்தன்தான்டா கெட்டிக்காரன்."

இரண்டு வர்க்கி தந்தார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒன்றை அங்கேயே தின்றேன். இன்னொன்றைத் தாளில் சுற்றிக்கொண்டு, வெளிச்சம் இருக்கும்போதே வீட்டுக்கு ஏறினேன். அந்தச் சுவருக்கு நேர் கீழே நடந்து போனேன். நிமிர்ந்து பார்க்கவில்லை. சத்தியமாகச் சொல்கிறேன், பார்க்கவேண்டும் என்று தோன்றவே இல்லை. எனக்குச் சுவர் என்றால் அவர் மேஜையில் இருக்கிற சுவர்தான்.

"வர்க்கி செயிச்சிட்டேன் அக்கா."

"அப்பிடி என்னத்தக் கண்டுபுடிச்ச?"

"செவுத்துல கோடு."

"நல்லா கண்டுபுடிச்சீங்க போ, ரெண்டு பேரும்," என்று சொல்லிவிட்டு அக்கா வர்க்கியை டீயில் நனைத்துத் தின்றது.

பத்தாம் நாள் மழை பிடித்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. கொழுந்து வேலை இல்லை என்று அக்கா வீட்டில் இருந்தது. மூன்றாம் நாள் மத்தியானம் நான் பஜாரில் ஒரு கடையில் மெயின் சுவிட்ச் மாற்றிக்கொண்டிருந்தபோது போன் வந்தது. ஓடிப்போய்ப் பார்த்தால் வீடு இருந்த இடத்தில் செம்மண். சுவரோடு பங்களாத் தோட்டமே இறங்கி, எங்கள் வீட்டை மட்டும் மூடி, ரயில் பாதை ஓரத்தில் போய் நின்றிருந்தது. பக்கத்து வீட்டுக்காரர்கள் சத்தம் கேட்டுக் குதித்துத் தப்பிவிட்டார்கள். அக்காவைக் கீழே பாதையோரச் சாக்கடை விளிம்பில் எடுத்தார்கள். இடப்பக்கம் ஒருக்களித்து, ஒரு கை தலைக்கு மேலே. ஓரடி தள்ளி நீல டிரம். டிரம்மில் ஒரு கீறல்கூட இல்லை.

காரியம் முடிந்த மறுநாள் மண்மேட்டில் நின்றிருந்தேன், எதற்கென்று தெரியாமல். குடை பிடித்துக்கொண்டு ரயில் சார் வந்தார். தோளைத் தொட்டார். கண் கலங்கித்தான் இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். அப்புறம் டேப்பை உருவினார்.

"தம்பி, இந்த முனையக் கொஞ்சம் புடி."

பிடித்தேன்.

காறித் துப்பியிருக்கவேண்டும். அந்த டேப்பாலேயே கழுத்தைச் சுற்றியிருக்கவேண்டும். மூன்று வருஷப் பழக்கம், கை தானாக நீண்டது. அவர் போன பக்கமெல்லாம் போனேன், நில் என்ற இடத்தில் நின்றேன். "கூரை எந்தப் பக்கம் சாஞ்சுது? அக்கா தலை எந்தத் திசையில இருந்துச்சு? கை மடங்கியிருந்துச்சா, நீட்டியிருந்துச்சா?" கேட்டதற்கெல்லாம் பதில் சொன்னேன். எழுதிக்கொள்ள அவர் நோட்டைப் புரட்டினபோதுதான் அந்தப் பக்கம் கண்ணில் பட்டது. தடுப்புச் சுவர் விரிசல். ஞாயிறு ஞாயிறாக நீளம், அகலம். கடைசி ஞாயிறு, சுவரின் வயிறு நாலு விரற்கடை முன்னால் பிதுங்கியிருக்கிறது என்றுகூட எழுதியிருந்தார்.

அந்தப் பக்கத்தின் மேல் விரலை வைத்தேன். "தெரிஞ்சிருக்கே சார். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே."

அவர் என்னை நிஜமாகவே புரியாமல் பார்த்தார்.

"சொன்னேனே தம்பி. நீதான கண்டுபுடிச்ச? ரெண்டு வர்க்கி குடுத்தனே."

அந்த ஆளை வெட்டிப்போடலாம் போல ஆத்திரம். ஆனால் வெட்டுவதானால் முதலில் என்னையல்லவா வெட்டவேண்டும்.

தை மாதம் ஆள் விட்டுக் கூப்பிட்டார். போகக்கூடாது என்றுதான் இருந்தேன். போனேன். மேஜையில் துணி போட்டு மூடியிருந்தார். விலக்கினார். எங்கள் மேட்டிலிருந்தே அள்ளிவந்த செம்மண். உடைந்த ஓடுகள். பாதை ஓரத்தில் டிரம். சாக்கடை விளிம்பில், என் சுண்டுவிரல் நகத்தை விடக் கொஞ்சம் பெரிதாக, அக்கா. அந்த ஊரிலேயே ஒரே ஆள். இடப்பக்கம் ஒருக்களித்து, ஒரு கை தலைக்கு மேலே. அன்றைக்குக் கட்டியிருந்த அதே பச்சைச் சேலை.

"வெக்கறேன்னு வாக்குக் குடுத்திருந்தேன்ல," என்றார் மெதுவாக. "நாலடி பதினொண்ணு. இங்க பதினேழு மில்லிமீட்டர். உள்ளபடி இருக்கா, பாத்துச் சொல்லு தம்பி."

பார்த்தேன். ரொம்ப நேரம் பார்த்தேன். நான் கண்டதைத் தவிர வேறு எதுவும் அங்கே இல்லை. பெற்ற தாய்கூட அவ்வளவு கவனமாகச் செய்திருக்க முடியாது. அப்போதுதான் என் வாயில் அது வந்தது. யோசித்து வரவில்லை.

"ஒண்ணு தப்பா இருக்குங்க சார்."

அவர் முகம் வெளுத்தது. "எது?"

"நீங்களே கண்டுபுடிங்க."

அவ்வளவுதான். வேறு எதுவும் நான் செய்யவில்லை. கை ஓங்கவில்லை, ஒரு கெட்ட வார்த்தை பேசவில்லை.

மறுநாளே கடைக்கு வந்துவிட்டார். "சேலை நெறமா?" இல்லை என்று தலையாட்டினேன். மூன்று நாள் கழித்து, "டிரம்மு வாய் இந்தப் பக்கமா?" இல்லை. அக்காவைத் தூக்கினவர்களை ஒவ்வொருவராகத் தேடிப்போய்க் கேட்டார். மண்மேட்டில் புல் முளைத்தபிறகும் டேப்போடு அங்கேயே நின்றார். மேஜையில் அந்தச் சரிவை இடித்து இடித்து நாலு தடவை கட்டினார். மற்ற இடங்களை மறந்தேபோனார். டீக்கடை பெஞ்சு எங்கெங்கோ நகர்ந்தது, அவர் கவனிக்கவில்லை. சாப்பாடு குறைந்தது. குல்லாவுக்குள் முகம் சுருங்கிக்கொண்டே போனது. என் கடை வாசலில் வந்து நின்று, "ஒரு குறிப்பு குடேன்டா" என்பார். நான் இதற்கென்றே வாங்கிவைத்த டப்பாவிலிருந்து ஒரு வர்க்கியை எடுத்துக் கடை மேஜை மேல் வைத்து, "இது உங்களுக்குத்தான் சார். கண்டுபுடிச்சதும் எடுத்துக்கங்க" என்பேன். எனக்கு அது இனித்தது. வேறு எப்படிச் சொல்ல? அக்கா போனபின் எனக்கு இனித்தது அது ஒன்றுதான்.

அடுத்த மழையில் மேட்டில் நனைந்துகொண்டே அளந்தவருக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் கொஞ்சநாள் வைத்துப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் கொண்டுபோகச் சொல்லிவிட்டார்கள். அம்மா அந்த மூட்டுவலியோடு படியேறி என் கடைக்கு வந்தார்.

"தம்பி, அது என்னன்னு சொல்லிருப்பா. கண்ண மூட மாட்டேங்கறாரு. அதையே கேட்டுக்கிட்டுக் கெடக்கறாரு."

"நானே வந்து சொல்றேங்கம்மா," என்றேன்.

போனேன். மேஜை பக்கத்திலேயே கட்டில் போட்டிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கையைத் தூக்கித் தலைக்கு மேலே வைத்துக் காட்டினார். கையா என்று கேட்கிறார். அவர் காதருகில் குனிந்தேன். சொல்லிவிடலாம் என்றுதான் குனிந்தேன்.

"கிட்ட வந்துட்டீங்க சார்," என்றேன்.

இரண்டு நாளில் போய்விட்டார்.

பதினாறாம் நாள் காரியத்துக்கு வந்தவர்களெல்லாம் மேஜையைச் சுற்றி நின்று உச்சுக்கொட்டிவிட்டுக் கலைந்தபிறகு, அம்மா என்னை மட்டும் நிறுத்தினார்.

"இப்பவாச்சும் சொல்லு. என்னதான் தப்பு?"

"ஒண்ணுமில்லீங்கம்மா. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு."

அம்மா அழவில்லை, திட்டவில்லை. நான் என்ன ஜாதி மிருகம் என்பது போல மேலும் கீழும் பார்த்தார்.

"உனக்குத் தெரிஞ்சும் சொல்லல. அவருக்குத் தெரிஞ்சும் சொல்லல. நல்லா சேந்தீங்கடா ரெண்டு பேரும்."

போகத் திரும்பினேன். அவரே கூப்பிட்டு, "நாளைக்கு வர்றப்ப கண்ணாடி மாட்டற ஆள் ஒருத்தனக் கூட்டிட்டு வா" என்றார்.

கூட்டிப்போனேன். சமையலறை ஜன்னலிலிருந்து அந்த ஊதாத் துணியை உருவி அம்மா வெளியே வீசினார். புதுக் கண்ணாடி பொருத்தினதும் அடுப்படி சூடேறியது. போகும்போது ஹாலில் நின்று பார்த்தேன். குட்டி வீட்டின் குட்டி ஜன்னலில் ஊதா நூல் அப்படியே இருந்தது. இப்போது நிஜமாகவே ஒரு தப்பு. கேட்டால் சொல்லிவிடுவேன், சத்தியமாகச் சொல்லிவிடுவேன். கட்டில் இருந்த இடத்தில் அம்மா சோபாவைக் கொண்டுவந்து போட்டிருந்தார்.